முதலில் சொன்னது யார்? விசித்திர இடங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன். எதிரே சாலை மேடாக ஏறிக்கொண்டிருந்தது. வண்டி மெதுவாக, யாரோ பின்னால் நின்று தள்ளுவதுபோல, அந்த மேட்டை நோக்கி நகர்ந்தது. பக்கத்தில் இருந்த தம்பி வாயே திறக்கவில்லை. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அந்த மலைச்சாலையைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லியிருந்தார்கள்: அடியில் காந்தப் பாறை இருக்கிறது, ஆதிகாலத்தில் இருந்தே இந்த மலை வண்டிகளை இழுக்கும்.

அடுத்த வாரமே இருவரும் திரும்பப் போனோம். இந்தத் தடவை கையில் நீளமான டியூப் இருந்தது, கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அது. அங்கே என்ன பார்த்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். என் வேலை வரைபடம் வரைவது. வேலை போக மிச்ச நாட்களில் இருபது வருடமாக இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போகிறேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எங்கே போகலாம் என்றுதான். எப்படிப் போவது என்று கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன். இடத்தைப் பார்த்துவிட்டு வருவது பாதி வேலை. அதன் கதையை முதலில் சொன்னவர் யார் என்று பின்னோக்கி நடந்து போவது மறுபாதி. எனக்கு இந்த மறுபாதியில்தான் அதிக ருசி.

ஒரே ஒரு இடம்

பார்க்க வேண்டிய நூறு இடங்கள் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு வருடத்துக்கு ஓர் இடம் போதும். அந்த இடத்தைப் பற்றி உங்களை அரிக்கிற ஒரு கேள்வி இருக்க வேண்டும், அவ்வளவுதான். "ரொம்ப அழகாக இருக்கிறது" என்பது கேள்வி ஆகாது. "இந்தக் கல் எப்படி நகர்ந்தது?", "இத்தனை பேர் ஒரே இடத்தில் ஏன் செத்துக் கிடக்கிறார்கள்?", "இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" இவையெல்லாம் கேள்விகள்.

பயணம் போக வசதி இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கசகஸ்தானின் துர்காய் புல்வெளியில் மண்ணால் ஆன பிரம்மாண்டமான சதுரங்களும் வளையங்களும் இருக்கின்றன. தரையில் நின்றால் அவை வெறும் மண்மேடுகள். 2007இல் திமித்ரி தேய் என்ற தொல்லியல் ஆர்வலர் கணினியில் கூகுள் எர்த்தைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அவற்றைக் கண்டார். அவற்றில் பெரிய சதுரத்தில் 101 மேடுகள், வரிசை பிசகாமல். நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்தார், அப்புறம் நேரிலும் போய்ப் பார்த்தார். கேள்வி இருந்தால் நாற்காலியிலிருந்தும் தொடங்கலாம்.

கிளம்புவதற்கு முன்: பெயரையும் கதையையும் தோண்டுங்கள்

முதலில் பெயர். பெயர் என்பது யாரோ ஒருவர் அந்த இடத்துக்குக் கொடுத்த விளக்கம். விளக்கம் தவறென்று தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் எலெக்ட்ரிக் பிரே என்று ஒரு சாலை. பிரே என்றால் அந்த வட்டாரப் பேச்சில் மலைச்சரிவு. வண்டிகளை மின்சாரம் மேலே இழுக்கிறது என்று ஒரு காலத்தில் மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் அங்கேயே இருக்கிறது. சாலையோரத்தில் நட்டிருக்கும் கல்லிலேயே அளவு பொறித்திருக்கிறார்கள்: ஒரு முனை கடல்மட்டத்தில் இருந்து 286 அடி, கால் மைல் தள்ளி மறுமுனை 303 அடி. கண்ணுக்கு மட்டும் இது தலைகீழாகத் தெரியும்.

இரண்டாவது, கதையின் வயது. இணையத்தில் ஒரு கதை ஐம்பது இடங்களில் இருந்தால் அதற்கு ஐம்பது சாட்சிகள் என்று அர்த்தம் இல்லை. ஒருவர் எழுதியதை நாற்பத்தொன்பது பேர் பார்த்து எழுதியிருப்பார்கள். துர்க்மெனிஸ்தானின் கரகும் பாலைவனத்தில் தர்வாசா என்ற இடத்தில் எரிவாயுக் குழி ஒன்று பல பத்தாண்டுகளாக எரிகிறது. சுமார் 70 மீட்டர் அகலம். 1971இல் சோவியத் பொறியாளர்கள் துளையிட்டபோது நிலம் உள்வாங்கியது, விஷவாயு பரவாமல் இருக்க அவர்களே தீ வைத்தார்கள், சில வாரத்தில் அணைந்துவிடும் என்று நினைத்தார்கள், அணையவே இல்லை. இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 2013இல் கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் கூரூனிஸ் வெப்பம் தாங்கும் உடையோடு அந்தக் குழியின் அடிவரை இறங்கினார். மேலே ஏறி வந்ததோடு நிற்காமல், அந்த 1971 சம்பவத்துக்கு ஆவணம் இருக்கிறதா என்றும் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளூர் நிலவியலாளர்கள் அவரிடம் சொன்னது வேறு கதை: குழி விழுந்தது 1960களில், தீப்பிடித்தது 1980களில். எனக்கு அவர் இறங்கியதைவிட இந்தத் தேடல்தான் பெரிதாகப் படுகிறது.

ஆகவே ஒரு கதையைப் படித்தால் அதற்கு முந்தைய வடிவத்தைத் தேடுங்கள். அதற்கும் முந்தையதைத் தேடுங்கள். பழைய பயணிகளின் குறிப்புகள், மாவட்ட விவரச்சுவடிகள், பழைய செய்தித்தாள்கள், நில வரைபடங்கள், எது கிடைக்கிறதோ அது. ஒவ்வொன்றிலும் என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் கதை சட்டென்று நின்றுவிடும். அதற்கு முந்தைய எழுத்து எதிலும் அது இருக்காது. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போன பிறகு உதவும்.

அனுமதி, பருவம், வழித்துணை, இவற்றை விசாரிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கைவிட்ட சுரங்கம், பழைய கிணறு, ஆழமான குகை, இவற்றுக்குள் விவரம் தெரிந்தவர் துணை இல்லாமல் இறங்கவே கூடாது. கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாது. மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 300 மீட்டர் ஆழத்தில் 2000ஆவது ஆண்டில் ஒரு குகையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஜிப்சம் படிகங்கள், பதினொரு மீட்டர் நீளத்தில், விழுந்த மரங்கள்போல. ஆனால் உள்ளே வெப்பம் 58 டிகிரி வரை, காற்றோ ஈரத்தால் நிறைந்தது. குளிர்விக்கும் உடை இல்லாமல் சில நிமிடங்களுக்கு மேல் அங்கே மனிதர் தாங்க முடியாது. சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பதை நிறுத்தியதும் குகை பழையபடி நீருக்குள் போய்விட்டது. சில இடங்களைப் பற்றிப் படிக்கத்தான் முடியும். அதில் குறை ஒன்றும் இல்லை.

அங்கே போனதும்

கேமராவை வெளியே எடுக்காதீர்கள். முதல் அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள், சுற்றி வாருங்கள், உட்காருங்கள். புகைப்படம் எடுக்கத் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் எடுத்த அதே கோணத்தைத்தான் கண் தேடும். அந்தக் கோணத்தில்தான் பெரும்பாலும் கதை ஒளிந்துகொண்டிருக்கும். எல்லோரும் நிற்கிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். நான் முதலில் செய்கிற காரியம் இதுதான்.

இப்போது அந்த மலைச்சாலைக்கு வருகிறேன்.

தம்பி ஒரு கம்போடு சாலையின் இந்த முனையில் நின்றான். நான் இன்னொரு கம்போடு, மேடு என்று கண் சொன்ன பக்கத்தில், பத்து மீட்டர் தள்ளி நின்றேன். இடையில் டியூப். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பவே கால்மணி நேரம் ஆயிற்று. குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அதற்கு மலையும் தெரியாது, மரமும் தெரியாது. அந்த மட்டத்தில் இருந்து தரைவரை எவ்வளவு என்று டேப்பைப் பிடித்தோம். அவன் பக்கம் 92 சென்டிமீட்டர். என் பக்கம் 103.

"அக்கா, மாத்தி படிச்சிட்டியா?" என்றான் அவன். மறுபடி பார்த்தேன். 103தான். தண்ணீரில் இருந்து தரை எங்கே அதிக தூரமோ அங்கேதான் பள்ளம். அதாவது மேட்டில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கக்கூடிய நான், அவனைவிடப் பதினொரு சென்டிமீட்டர் கீழே நின்றுகொண்டிருந்தேன். வண்டி மேலே ஏறவில்லை. எல்லா வண்டிகளையும்போலப் பள்ளத்தை நோக்கித்தான் உருண்டிருக்கிறது.

ஏன் கண் ஏமாந்தது என்பதை அங்கேயே நின்று தேடினோம். தொடுவானம் எங்குமே தெரியவில்லை, மலைச்சரிவு மறைத்திருந்தது. சாலையின் அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் செங்குத்தான சரிவு. ஓரத்து மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. எது நேர், எது சாய்வு என்று சொல்ல கண்ணுக்கு ஆதாரமே இல்லை. இத்தாலியில் பாவோலா பிரெஸ்ஸானும் அவருடைய சகாக்களும் 2003இல் இதே விஷயத்தை மேசைமேல் சிறு மாதிரிகள் செய்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். தொடுவானத்தையும் பக்கச் சரிவுகளையும் மாற்றினால் இறக்கம் ஏற்றமாகத் தெரிவதை அதில் காட்டினார்கள். இதே மாதிரிச் சாலைகள் உலகில் பல நாடுகளில் இருக்கின்றன. பல இடங்களில் காந்தம் என்ற பெயரோடு.

அளந்த பிறகு அதிசயம் செத்துவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு நடந்தது வேறு. டியூபைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு சென்டிமீட்டர் தெரிந்த பிறகும் சாலை மேடாகவே தெரிந்தது! முதல் தடவை மலையைப் பார்த்து வியந்தேன். இப்போது என் கண்ணையே நினைத்து வியந்துகொண்டு நின்றேன்.

எல்லாவற்றுக்கும் டியூப் வேண்டியதில்லை. ஆனால் கையில் ஏதாவது அளவுகோல் இருக்கட்டும்: ஒரு டேப், ஒரு திசைகாட்டி, ஒரு வெப்பமானி, உங்கள் காலடி நீளம். அளக்கக் குனியும்போதுதான் மற்றவர்கள் பார்க்காததைப் பார்ப்பீர்கள்.

காத்திருக்கத் தெரிந்தவர்கள்

அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ரேஸ்ட்ராக் பிளாயா என்ற காய்ந்த ஏரிப் படுகை இருக்கிறது. வெடித்த களிமண் தரையில் கற்கள், சில முந்நூறு கிலோவுக்கும் மேல். ஒவ்வொன்றின் பின்னாலும் அது இழுபட்டு வந்த தடம். நெடுங்காலம் அவை நகர்வதை யாரும் பார்த்ததில்லை. காந்தம், சூறாவளி, வேற்றுக்கிரகவாசிகள் என்று ஆளுக்கொரு விளக்கம். 1940களில் இருந்தே ஆய்வாளர்கள் தலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

2011இல் ரிச்சர்ட் நோரிஸ், அவருடைய உறவினர் ஜேம்ஸ் நோரிஸ், கோள் ஆய்வாளர் ரால்ஃப் லாரன்ஸ் ஆகியோர் அடங்கிய குழு அங்கே ஒரு வானிலைக் கருவியை நிறுத்தியது. பதினைந்து கற்களில் ஜி.பி.எஸ். பொருத்தி வைத்தார்கள். அங்கே கிடக்கிற கற்களைத் துளைக்கப் பூங்கா நிர்வாகம் அனுமதிக்கவில்லை, ஆகவே அதே மாதிரிக் கற்களை வெளியில் இருந்து கொண்டுவந்தார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். ஒரு கல் நகர எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? 2013 டிசம்பரில் அவர்கள் போனபோது படுகையில் ஏழு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது. இரவில் அது மேலாக உறைந்து ஜன்னல் கண்ணாடி கனத்துக்குப் பனித்தகடாகியிருந்தது. டிசம்பர் 20 அன்று வெயில் ஏறியதும் தகடு உடைய ஆரம்பித்தது. மெல்லிய காற்றுதான். அந்தக் காற்றில் பெரிய பெரிய பனித்தகடுகள் நகர்ந்து, எதிர்ப்பட்ட கற்களை ஈரக் களிமண்மேல் தள்ளிக்கொண்டு போயின, நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில். ஒரே நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள் நகர்ந்தன. தள்ளியது சூறாவளியோ காந்தமோ இல்லை, சில மில்லிமீட்டர் பனி.

இதைப் படித்த நாளில் இருந்து எந்த இடத்துக்கும் ஒரே ஒரு தடவை போய்விட்டு "பார்த்துவிட்டேன்" என்று நான் சொல்வதில்லை. கோடையில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, முடிந்தால் விடியற்காலையில் ஒரு தடவை.

மனிதர்களிடம் கேட்பது

சுற்றுலா வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களைத் தேடுங்கள்: ஆடு மேய்ப்பவர், சாலைப் பணியாளர், மீன் பிடிப்பவர், காவலாளி. "இங்கே என்ன அதிசயம்?" என்று ஆரம்பித்தால் நீங்கள் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார்கள். "நீங்க இங்க எத்தனை வருஷமா வர்றீங்க?" என்று ஆரம்பியுங்கள். அவருடைய கதையை முதலில் கேளுங்கள், இடத்தின் கதை தானாக வரும். அப்புறம் ஒரு கேள்வி: "இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?" ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம்.

மக்கள் சொல்லும் புராணத்தை அலட்சியம் செய்யவே செய்யாதீர்கள். அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள கிரேட்டர் ஏரி 594 மீட்டர் ஆழம். அந்த மண்ணின் கிளாமத் மக்கள் சொல்லும் கதையில், பாதாளத்தை ஆண்ட லாவோவுக்கும் மேலுலகை ஆண்ட ஸ்கெல்லுக்கும் பெரும்போர் நடக்கிறது. நெருப்பு மழை பொழிகிறது, முடிவில் மலை உள்ளே சரிந்து விழுகிறது. நிலவியலும் அதையே சொல்கிறது: சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்து, தன் மேலேயே சரிந்து உண்டான பள்ளம்தான் அந்த ஏரி. அப்போது பார்க்க அங்கே மனிதர்கள் இருந்தார்களா? 1938இல் லூதர் கிரெஸ்மன் என்ற தொல்லியலாளர் அந்த வட்டாரத்துக் குகை ஒன்றில் தோண்டினார். மரப்பட்டையில் பின்னிய டஜன் கணக்கான செருப்புகள் கிடைத்தன, மசாமாவின் சாம்பல் படிவுக்குக் கீழே.

யார் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜப்பானின் ஹாஷிமா தீவு போர்க்கப்பல் போன்ற உருவத்தால் புகழ்பெற்றது. கடலுக்கடியில் நிலக்கரி தோண்டுவதற்காக அந்தச் சின்னத் தீவில் கான்கிரீட் அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். 1959இல் 5,259 பேர் அங்கே வாழ்ந்தார்கள். 1974இல் சுரங்கத்தை மூடினார்கள், சில மாதங்களில் தீவே காலியானது. காலி வீடுகளின் படங்கள்தான் எல்லோரையும் இழுக்கின்றன. ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயப்படுத்தி அங்கே வேலை வாங்கினார்கள். 2015இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தத் தொழிலாளர்களின் கதையை முழுமையாகச் சொல்லவில்லை என்று உலகப் பாரம்பரியக் குழு 2021இல் வருத்தம் தெரிவித்தது. பாழடைந்த இடத்தில் நின்றால் இங்கே வாழ்ந்தவர் யார் என்று கேட்பதோடு, இங்கே வாழ விரும்பாமல் வாழ்ந்தவர் யார் என்றும் கேளுங்கள்.

எதையும் எடுத்து வராதீர்கள்

ஒரு கூழாங்கல்கூட வேண்டாம். இமயமலையில் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ரூப்குண்ட் ஏரிக்கரையில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடந்தன. நந்தாதேவியின் கோபத்தால் ஓர் அரசனும் பரிவாரமும் ஆலங்கட்டி மழையில் இறந்தார்கள் என்பது அந்தப் பகுதியின் பாட்டு. சில மண்டையோடுகளில் இருந்த அடியும் அதற்குப் பொருந்தியது. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2019இல் 38 பேரின் எலும்புகளில் இருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தபோது 23 பேர் தெற்காசியர், 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்தவர்கள், ஒருவர் தென்கிழக்காசியர் என்று தெரிந்தது. முதல் கூட்டத்துக்கும் மற்றவர்களுக்கும் இடையே சுமார் ஆயிரம் ஆண்டு இடைவெளி. அந்தப் பதினான்கு பேர் அவ்வளவு உயரத்துக்கு ஏன் வந்தார்கள் என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. மலையேறப் போனவர்கள் நினைவுக்காக அங்கிருந்து எலும்புகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில் யாருடைய வீட்டு அலமாரியில் இருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றிரவே எழுதுங்கள்

மறுநாள் காலையில் கதை மாறிவிடும், இது என் அனுபவம். நோட்டில் மூன்று பத்தி வைத்திருக்கிறேன்: நான் கண்டது, மற்றவர் சொல்லிக் கேட்டது, சோதித்துப் பார்த்தது. ஒன்றை இன்னொன்றில் கலப்பதே இல்லை. மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும், இருக்கட்டும். சொன்னவர் என்ன வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையில் எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னவரிடமே படித்துக் காட்டுங்கள். அந்த மலைச்சாலைக்கு நாங்கள் மூன்றாம் தடவை போனது இதற்காகத்தான். சரிவில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். 92, 103 என்று சொன்னபோது தலையை ஆட்டினார். "ஆதிகாலத்தில் இருந்தே இந்த மலை வண்டிகளை இழுக்கும்" என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆதிகாலமா? நான் சின்னப் பையனா இருக்கப்ப இந்த ரோடே கிடையாதேம்மா. ஓடைக்கு அந்தப் பக்கமா ஒத்தையடிப் பாதைதான். வண்டி எங்க இருந்து வந்துச்சு?"

வீட்டுக்கு வந்ததும் பழைய வரைபடங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். ஓடை இருந்தது, அதற்கு அப்பால் புள்ளிக்கோடாக அந்தப் பாதையும் இருந்தது. நாங்கள் டியூப் பிடித்து நின்ற இடத்தில் ஒரு கோடும் இல்லை.